கடலோரத்தில் தொடங்கி காபிக் காடு வரை: மங்களூர் – ஆகும்பே – சிக்மகளூர் – குடகு கார்ப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்களூரில் கிளம்பி அரபிக்கடல் ஓரமாக வடக்கே மரவந்தெ வரை போய், ஆகும்பே வழியாக மேற்குத் தொடர்ச்சி மலை ஏறி, சிருங்கேரி, சிக்மகளூர், சக்லேஷ்பூர், மடிக்கேரி என்று காபி நாட்டின் ஊடாக வந்து, சம்பாஜெ மலைப்பாதையில் மறுபடியும் மங்களூருக்கு இறங்கும் வட்டப் பயணம் இது. மொத்தம் 700 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் வரும். கிளம்பத் திட்டமிடும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏன் மங்களூரில் தொடங்க வேண்டும்? பெங்களூர் வழியாக நேரே சிக்மகளூர் போய்விடலாமே?

போகலாம். பலரும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் கிழக்கிலிருந்து போனால் மலை ஏறுவதே தெரியாது. பெங்களூர் ஏற்கெனவே 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹாசன் வழியாகச் சமவெளியிலேயே ஓட்டிக்கொண்டு போய், திடீரென்று ஒரு காபித் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். அந்தத் தோட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வியே மனதில் எழாது.

மேற்கிலிருந்து ஏறினால் விடை சாலையிலேயே கிடைத்துவிடும். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. நேர் எதிரே சுவர் எழுப்பியதுபோல மலை நிற்கிறது. மேலே தள்ளப்படும் காற்று குளிர்ந்து, கொண்டுவந்ததையெல்லாம் மலையின் நெற்றியிலேயே கொட்டுகிறது. மலை முகட்டில் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆகும்பேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே நகர நகர மழை மளமளவென்று குறைந்துகொண்டே போகும். கொட்டித் தீர்க்கும் முகட்டுக்கும் வறண்ட சமவெளிக்கும் நடுவே, மழையும் நிழலும் குளிரும் அளவாகக் கிடைக்கும் பட்டையில்தான் காபி விளைகிறது. மழை எந்த வழியில் மலை ஏறுகிறதோ அதே வழியில் நாமும் ஏறினால், கடலும் காடும் தோட்டமும் ஒரே கதையாகப் புரியும். இந்தப் பயணத்தின் முழு ருசியும் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் மங்களூர் போய், அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எண் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியை யாராவது வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது.

எத்தனை நாள் வேண்டும்?

எட்டு இரவு, ஒன்பது நாள் இருந்தால் நிம்மதியாகப் போகலாம். ஆறு நாளில் முடிக்க முடியும், ஆனால் நெருக்கடியாக இருக்கும். நான்கு நாள்தான் விடுப்பு என்றால் முழு வட்டத்துக்கு ஆசைப்படாமல் குடகை விட்டுவிடுங்கள். உடுப்பி, ஆகும்பே, சிக்மகளூர் பார்த்துவிட்டு சார்மாடி மலைப்பாதை வழியாக மங்களூருக்கு இறங்கிவிடலாம்.

கடற்கரைக்கு இரண்டு இரவு, ஆகும்பே அல்லது சிருங்கேரியில் ஓர் இரவு, சிக்மகளூர் பக்கம் இரண்டு, சக்லேஷ்பூரில் ஒன்று, குடகில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்றே கணக்குப் போட வேண்டும். சிருங்கேரியிலிருந்து சிக்மகளூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். வழியில் நின்று பார்த்துக்கொண்டு போனால் ஒரு நாளில் பாதி அதற்கே போய்விடும்.

எந்த மாதம் நல்லது?

முதல்முறை போகிறவர்களுக்கு நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை. மழை ஓய்ந்திருக்கும், அருவிகளில் தண்ணீர் வற்றியிருக்காது, கடலோர வெயிலும் தாங்கும் அளவில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அராபிகா பழம் பறிக்கும் காலம் அது. தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும், களத்தில் காபி காயும். பறிப்பு முடிந்த தோட்டத்தைப் பார்ப்பதற்கும் பறிப்பு நடக்கும் தோட்டத்தைப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ரொபஸ்டா பறிப்பு ஜனவரியில் சூடுபிடித்து மார்ச் வரை நீளும்.

இரண்டாம் முறை போவதாக இருந்தால் மார்ச் மாதத்தில் போய்ப் பாருங்கள், காபி பூக்கும் காலம் அது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை எப்போதாவது ஒரு கோடை மழை இறங்கும். அதைத் தோட்டக்காரர்கள் பூமழை என்பார்கள். அந்த மழைக்காகவே காத்திருந்த மொட்டுகள் எட்டுப் பத்து நாளில் ஒரே நேரத்தில் விரியும். ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து. இலையின் பச்சை கண்ணில் படவே படாது. மல்லிகையை ஒத்த வாசனை காரின் கண்ணாடியை இறக்கும் முன்பே உள்ளே வந்துவிடும். தேனீக்களின் இரைச்சலை நின்று கேட்கலாம். இரண்டு மூன்று நாளில் பூ பழுப்பேறி உதிர்ந்துவிடும். இன்ன தேதிக்குப் பூக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தங்கப்போகும் தோட்ட வீட்டுக்கு முதல் வாரமே தொலைபேசியில் பேசி, மழை பெய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூவல் பாசனம் வைத்திருக்கும் தோட்டங்களில் மழை பொய்த்தாலும் பூக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் கடலோரப் புழுக்கம் ஆளை வாட்டிவிடும். அப்போது மலைப்பகுதியை மட்டும் பார்ப்பது உத்தமம்.

மழைக்காலத்தில் மலை இன்னும் அழகாக இருக்கும் என்கிறார்களே?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் இந்த வட்டத்தைக் காரில் சுற்ற வேண்டாம் என்றே சொல்வேன். 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் அடுத்தடுத்து சரிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மடிக்கேரியிலிருந்து சம்பாஜெ இறங்கும் நெடுஞ்சாலையே பல இடங்களில் பெயர்ந்துபோனது. 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே சிரூரில், கடலோர நெடுஞ்சாலை 66-இன் மேலேயே மலை சரிந்து விழுந்தது. சாலையோரத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த குடும்பமும் வண்டியை நிறுத்தியிருந்தவர்களும் அதில் சிக்கினார்கள். ஒரு லாரி கங்காவளி ஆற்றுக்குள் போய்விட்டது. சாலைக்காகச் செங்குத்தாக வெட்டப்பட்ட சரிவின் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். மழை விட்டு வெயில் அடித்தாலும் ஊறிய மண் அடுத்த நாள் சரியக்கூடும்.

மழையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், சுற்றுவதை விட்டுவிட்டு ஓர் இடத்தில் தங்குங்கள். ஆகும்பேயில் மூன்று நாள் அறையிலும் திண்ணையிலும் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய சுகம்.

கடலோரத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மரவந்தெயை விடக்கூடாது. உடுப்பிக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில், நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சௌபர்ணிகா ஆறு. லாரிகள் வேகமாகப் போகும் சாலை அது. ஓரத்தில் இருக்கும் நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து பாருங்கள். சாலை நடுவில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. கொல்லூர் மூகாம்பிகைக்குப் போக நினைப்பவர்கள் இங்கிருந்தே போய் வந்துவிடலாம்.

மல்பெயிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரிஸ் தீவுகளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்து உருவான தூண்கள் அங்கே கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. பல தூண்களின் தலை, அளந்து செதுக்கியதுபோல அறுகோணமாக இருக்கும். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பரப்பும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தோடு புவியியலாளர்கள் இவற்றைத் தொடர்புபடுத்துகிறார்கள். அங்கே கடற்கரை முழுக்கச் சிப்பி ஓடுகளாக இருக்கும், வெறுங்காலில் நடக்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பால் படகுகள் ஓடாது.

காப்பு என்ற ஊரின் கலங்கரை விளக்கம் 1901-இல் கட்டப்பட்டது. மாலையில் மேலே ஏற விடுவார்கள். உடுப்பி கிருஷ்ணனைத் தரிசிக்கக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மற்றபடி கடற்கரைக்குக் கடற்கரை ஓடி எண்ணிக்கை சேர்க்கத் தேவையில்லை.

நீந்துவதானால் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும். இந்தக் கரையில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி இழுவையிலிருந்து விலகிய பிறகு திரும்ப வேண்டும்.

எந்த மலைப்பாதையில் ஏறி எதில் இறங்குவது?

ஆகும்பேயில் ஏறி சம்பாஜெயில் இறங்குங்கள்.

ஆகும்பே பாதை ஹெப்ரியைத் தாண்டி சோமேஸ்வராவில் தொடங்குகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள். குறுகிய சாலை, கனரக வண்டிகளை விடுவதில்லை என்பது நமக்கு வசதி. அடிவாரத்தில் சட்டை உடம்போடு ஒட்டும். ஏழெட்டு வளைவு ஏறியதும் காற்று மாறுவது கையில் தெரியும். காதும் அடைத்துத் திறக்கும். ஏறிவிட்ட இடத்தில் ஒரு காட்சிமேடை உண்டு. மேகம் இல்லாத மாலைகளில், குறிப்பாக டிசம்பர், ஜனவரியில், காலையில் விட்டுவந்த அதே கடலில் சூரியன் இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். ராஜநாகங்களுக்குப் பேர்போன காடு அது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005-இல் தொடங்கிய மழைக்காடு ஆய்வு நிலையமும் இங்கேதான் இருக்கிறது.

சார்மாடி, முடிகெரெ பக்கம் போகிறவர்களுக்கு நல்ல பாதை. மேலே கொட்டிகெஹாராவில் நீர் தோசை சாப்பிடாமல் யாரும் கடப்பதில்லை. சிராடி, பெங்களூர்–மங்களூர் நெடுஞ்சாலை இறங்கும் மலைப்பாதை. டேங்கர் லாரிகளின் பின்னால் ஊர்ந்துகொண்டே போக வேண்டியிருக்கும், வேறு வழி இருந்தால் தவிர்த்துவிடுங்கள். குதிரேமுகா வழி தேசியப் பூங்காவுக்குள் போகிறது. சோதனைச் சாவடியில் நேரம் குறித்த சீட்டு தருவார்கள், இடையில் இறங்கி நிற்கக் கூடாது. புல்வெளி மலைகளும் மடிப்புகளில் சோலைக்காடும் அங்கே கண்ணை நிறைக்கும். அதற்காகக் கால அட்டவணையில் இடம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் ஓட்டிப் பழக்கமில்லை. சமாளிக்க முடியுமா?

நிதானம் இருந்தால் முடியும். ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்குவதில்தான் கவனம் வேண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினால் போதும். காலை எடுக்காமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறும், எரிந்த நெடி வரும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. நெடி வந்தவுடன் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் குறைத்துப் பூட்ட வசதி இருக்கும். கிளம்பும் முன்பே அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

குறுகிய ஏற்றத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால், ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவரின் கடமை. வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். பஸ் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். முந்த நினைக்காமல் முன்பே நின்றுவிடுங்கள். பனிமூட்டத்தில் முகப்பு விளக்கை இறக்கி வையுங்கள். உயர்த்தினால் வெள்ளைத் திரைதான் தெரியும். ஓடும்போது நான்கு விளக்கையும் மினுக்க விடாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். மாலை ஐந்தரைக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் பாதிச் சங்கடம் குறையும்.

சாதாரணக் கார் போதுமா?

போதும். சின்ன ஹேட்ச்பேக் தாராளமாகப் போகும். டயரின் தேய்மானத்தையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில தோட்ட வீடுகளுக்குக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் கரடுமுரடான மண்பாதையாக இருக்கும்; அவர்களே ஜீப் அனுப்புவார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

காபித் தோட்டத்துக்குள் எப்படிப் போவது? உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

சாலையோரத் தோட்டத்துக்குள் வேலியைத் தாண்டி நுழைவது கூடாது. அவை தனியார் நிலம், ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம். தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீடுகளில் தங்கினால், உரிமையாளரோ மேஸ்திரியோ உங்களைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள்.

முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். இந்தியக் காபி நிழலில் வளர்வது. மேலே பலா, அத்தி, நூக்கு போன்ற பெருமரங்கள். நடுவே சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. அதற்குக் கீழே கல்யாண முருங்கை. அடியில்தான் காபிச் செடி. ஆகவே, தோட்டம் என்று சொன்னாலும் பார்வைக்குக் காடுதான். பறவைகளின் சத்தமும் அப்படியே. மழைக்கு முன் எந்தக் கிளையை வெட்டி எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதில்தான் தோட்டக்காரரின் திறமை இருக்கிறது.

பிறகு செடி. உயரமான இடங்களில் அராபிகா: இலை சிறியது, கரும்பச்சை. தாழ்வான சரிவுகளில் ரொபஸ்டா: இலை பெரியது, காய் கொத்துக் கொத்தாக நெருங்கியிருக்கும். சிக்மகளூரின் உயர்ந்த மலைகளில் அராபிகாவும் குடகில் பெரும்பாலும் ரொபஸ்டாவும் விளைகின்றன. நாட்டின் காபியில் ஏறக்குறைய எழுபது சதவீதம் கர்நாடகத்திலிருந்தே வருகிறது.

சிவந்த பழம் ஒன்றைக் கேட்டு வாங்கி விரலால் பிதுக்குங்கள். இரண்டு விதைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும், மேலே பிசுபிசுப்பான சதை. வாயில் போட்டால் லேசாக இனிக்கும். காபியின் வாசனை துளியும் இருக்காது. அந்தப் பிசுக்கை நீக்கிக் கழுவி, தோலோடு காயவைப்பது பார்ச்மென்ட். பழத்தை அப்படியே காயப்போட்டால் செர்ரி. களத்தில் பார்ச்மென்ட்டை மரப்பலகையால் ஓயாமல் கிளறிக்கொண்டே இருப்பார்கள், ஒரே சீராகக் காய வேண்டும் என்பதற்காக. காய்ந்த பதத்தை அறிய அனுபவசாலி ஒருவர் இரண்டு கொட்டையைக் கடித்துப் பார்ப்பார். பல் பதிந்தால் இன்னும் வெயில் வேண்டும். ஒரு கிலோ காபிக்கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் பறிக்க வேண்டும் என்பதை அங்கே கூடை சுமக்கும் பெண்களைப் பார்த்தபடி நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

சிருங்கேரியிலிருந்து வரும்போது பாலெஹொன்னூர் வழியைத் தேர்ந்தெடுத்தால், 1925-இல் தொடங்கப்பட்ட மத்தியக் காபி ஆராய்ச்சி நிலையத்தைக் கடப்பீர்கள். இந்தியாவில் பரவலாகப் பயிராகும் எஸ் 795 என்ற அராபிகா வகை அங்கே உருவானதுதான்.

பாபா புடன் கிரிக்கும் முள்ளயனகிரிக்கும் போகலாமா?

வார நாளில், விடியற்காலையில். முள்ளயனகிரி சுமார் 1,930 மீட்டர், கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரம். வாரக் கடைசியில் ஒற்றைச் சாலையில் கார்கள் சிக்கி மணிக்கணக்கில் நிற்கும். வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடும் முன்பதிவும் உண்டு என்பதால், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபித் துறவி ஹஜ் பயணத்திலிருந்து திரும்பும்போது, ஏமனிலிருந்து ஏழு காபி விதைகளை மறைத்துக் கொண்டுவந்து இந்த மலையில் நட்டார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் வரலாறு. முளைக்கக்கூடிய விதையை வெளியே போக விடாமல் அரேபியர்கள் காத்துவந்த காலம் அது. அவர் பெயரில் இருக்கும் குகைத் தலத்தில் தத்தாத்ரேயரை வணங்கும் இந்துக்களும் பாபாவை வணங்கும் முஸ்லிம்களும் வருகிறார்கள். காலையில் டிகாஷன் இறக்கும் வீட்டில் பிறந்த ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அங்கே போய் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

யானை, அட்டை, பாம்பு… பயப்பட வேண்டுமா?

யானைக்குப் பயப்படுங்கள். குடகிலும் சக்லேஷ்பூர் பக்கத்திலும் யானைகள் தோட்டங்களுக்குள்ளேயே நடமாடுகின்றன, பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகமாக. இருட்டிய பிறகும் விடியும் முன்பும் தோட்டப் பாதையில் நடக்காதீர்கள். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்கவோ விளக்கை உயர்த்தவோ வேண்டாம், அது போகும் வரை காத்திருங்கள். நாகரஹொளே காட்டுச் சாலைகள் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை மூடப்படும். கூடலூர், முதுமலை வழியாக ஊர் திரும்புவோர், பந்திப்பூரில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துக்குத் தடை என்பதை மறக்கக் கூடாது.

அட்டை தொந்தரவுதான், ஆபத்தில்லை. உப்பைத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும்.

பலருக்கும் தெரியாத ஓர் ஆபத்தைச் சொல்கிறேன். 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், உண்ணி கடிப்பதால் வருவது. சிருங்கேரி, கொப்பா பக்கங்களிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. டிசம்பர் முதல் மே வரை அதன் காலம். காட்டில் சருகின் மேல் உட்காராதீர்கள், முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் வெந்நீரில் குளித்து உடையைத் துவைத்துவிடுங்கள். குரங்கு செத்துக் கிடந்தால் அருகில் போகாமல் உள்ளூர்க்காரர்களிடம் தெரிவியுங்கள். ஊர் திரும்பிய பிறகு கடும் காய்ச்சல் வந்தால், இந்தக் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

குடகில் ஒரே ஓர் இடம் என்றால் எது?

தலைக்காவிரி. மடிக்கேரியிலிருந்து பாகமண்டலா வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குள். 1,276 மீட்டர் உயரத்தில் பிரம்மகிரிச் சரிவில் ஒரு சிறு குண்டிகை (ஊற்றுத் தொட்டி). ஐப்பசிப் பிறப்பன்று அதில் காவிரி பொங்கி எழுவதாக நம்பி ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது. தஞ்சைப் பக்கத்து மனிதர் ஒருவர் அந்தக் குண்டிகையின் முன் கைகூப்பி நின்றால் என்ன நினைப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வழியெல்லாம் இன்னொன்றையும் கவனித்துக்கொண்டு வாருங்கள். முடிகெரெ வட்டாரத்தில் பிறக்கும் ஹேமாவதி சக்லேஷ்பூரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய், கிருஷ்ணராஜசாகர் அணையில் காவிரியோடு சேர்கிறது. அதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இறங்கும் நேத்ராவதி மங்களூரில் கடலைத் தொட்டுவிடுகிறது. ஒரே மேகம் முகட்டின் எந்தப் பக்கம் பெய்கிறது என்பதைப் பொறுத்து, தண்ணீர் ஒரு பக்கம் அரபிக்கடலுக்கும் மறு பக்கம் நம் டெல்டாவுக்கும் போகிறது.

சாப்பாடு?

கடலோரத்தில் நீர் தோசையும் மீன் குழம்பும், கோரி ரொட்டி (கோழிக் குழம்போடு மொறுமொறு அரிசி ரொட்டி), குந்தாப்பூர்க் கோழி நெய் ரோஸ்ட். சைவர்களுக்கு உடுப்பியில் குறையே இருக்காது. ஜூன், ஜூலையில் இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை. புது மீன் அரிது. மலை ஏறியதும் அக்கி ரொட்டி (அரிசி ரொட்டி). குடகில் கடம்புட்டும் (அரிசி உருண்டை), கச்சம்புளி என்ற புளிச்சாறு சேர்த்துக் கருக்க வதக்கிய பந்திக் கறியும் (பன்றி இறைச்சி). சிருங்கேரி, ஹொரநாடு கோயில்களில் எல்லோருக்கும் உணவு இடுகிறார்கள். அதைத் தவற விடாதீர்கள்.

கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. கரையில் துளு, கொங்கணி, பியாரி; மேலே கன்னடம்; குடகில் கொடவ மொழி. இத்தனைக்கும் நடுவே வாழ்பவர்கள் என்பதால் அடுத்தவர் மொழியைப் புரிந்துகொள்ள முயல்வது அவர்களுக்கு இயல்பு. தோட்டங்களில் தமிழ் அடிக்கடி காதில் விழும். சம்பாஜெ இறங்கி சுள்யா, புத்தூர் பக்கம் வரும்போது ரப்பர் தோட்டங்களைப் பார்ப்பீர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர், கர்நாடக வனவளர்ச்சிக் கழகத்தின் அந்தத் தோட்டங்களில்தான் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தித் தமிழில் பேசிப் பாருங்கள். அவர்கள் கதையைக் கேட்க நேரம் ஒதுக்குங்கள்.

பெட்ரோல், பணம், மொபைல் சிக்னல்?

உடுப்பியிலோ ஹெப்ரியிலோ தொட்டியை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். ஆகும்பே, குதிரேமுகா, பாகமண்டலா பகுதிகளில் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அது குறுக்குவழி என்று காட்டும் தோட்டப் பாதைகளில் நுழையாதீர்கள். சில்லறையாகக் கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகலாமா?

போகலாம். வளைவுகளில் குமட்டல் வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏற வேண்டாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு முள்ளயனகிரிப் படிகள் கடினம். பேலூர், ஹளேபீடு சிற்பங்களுக்கு அந்த நேரத்தைக் கொடுத்துவிடலாம்.

திரும்பும்போது என்ன காபி வாங்குவது?

தங்கிய தோட்டத்திலேயே வறுத்த கொட்டையாக வாங்குங்கள். எப்போது வறுத்தது என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் வேண்டாம். சிக்கரி கலந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு ஃபில்டருக்கு அராபிகாவோடு கால் பங்கு ரொபஸ்டா சேர்த்தால் பாலோடு நன்றாக நிற்கும்.

மங்களூர் வந்ததும் மான்சூன் மலபார் என்று கேட்டு ஒரு பொட்டலம் வாங்குங்கள். முன்பு நம் காபி பாய்மரக் கப்பலில் ஐரோப்பா போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. கடற்காற்றின் ஈரத்தில் கொட்டை ஊதி, நிறம் வெளுத்து, புளிப்பு அடங்கி ஒரு தனி ருசிக்கு வந்திருந்தது. நீராவிக் கப்பலும் சூயஸ் கால்வாயும் பயணத்தைச் சுருக்கியதும் அந்த ருசி காணாமல் போனது, வாங்கியவர்கள் அதையே கேட்டார்கள். அதனால் இப்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை, மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, மழைக்காற்றை உள்ளே விட்டுக் கிளறிக் கிளறிப் பதப்படுத்துகிறார்கள். மலையில் விளைந்ததைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, அதே பருவக்காற்றில் ஊற வைக்கிறார்கள். புளிப்பு பிடிக்காதவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். பொடியாக வாங்காமல் கொட்டையாகவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.